பேக்கப் விட்டுச்சென்ற ரெஸ்டோர் பாயின்ட்டுகள்: அறிகுறி பார்த்து அகற்றும் வழி

மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான அஷூரில் விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டிக்கொண்டு, அவற்றுக்கு பேக்கப்பும் போட்டு வைத்திருந்தால், ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும்: இந்த ரெஸ்டோர் பாயின்ட்டுகள் (விஎம்மை மீட்பதற்காக எடுத்துவைத்த நகல்கள்) எங்கிருந்து வந்தன, ஏன் இன்னும் கிடக்கின்றன, அழித்தால் என்ன ஆகும்? அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ நேராக அங்கே போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். அழித்த ரெஸ்டோர் பாயின்ட்டை மீட்டுத் தரச் சொல்லி யாரிடமும் போய் நிற்க முடியாது.

## எது எங்கே இருக்கிறது

அஷூர் பேக்கப் ஒரு விஎம்மை இரண்டு கட்டமாக எடுக்கிறது. முதலில் டிஸ்க்குகளின் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியில் இருந்தபடி ஒரு நகல். இது விஎம் இருக்கும் அதே ரீஜனில் (அஷூரின் டேட்டா சென்டர் வட்டாரத்தில்), உங்கள் சப்ஸ்கிரிப்ஷனுக்குள்ளேயே (பில் வரும் அஷூர் கணக்குக்குள்ளேயே), ஒரு ரெஸ்டோர் பாயின்ட்டாக இருக்கும். அப்புறம் அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து டேட்டா, பேக்கப்பைக் காக்கும் பெட்டகமான ரெகவரி சர்வீசஸ் வால்ட்டுக்குப் போகும். டிஸ்க் பெரிதாக இருந்தால் இந்த இரண்டாவது வேலைக்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

ஒரு விஎம்மின் ரெஸ்டோர் பாயின்ட்டுகள் எல்லாம் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் கலெக்‌ஷனுக்குள் சேரும். இந்தக் கலெக்‌ஷனை விஎம் இருக்கும் ரிசோர்ஸ் குரூப்பில் (அஷூர் பொருட்களைச் சேர்த்துவைக்கும் தொகுப்பில்) தேடினால் கிடைக்காது. பேக்கப் சேவை தனக்கென்று ஒரு ரிசோர்ஸ் குரூப் உண்டாக்கிக்கொண்டு அதில்தான் வைக்கும். அதன் பெயர் ‘அஷூர்பேக்கப்ஆர்ஜி’ என்று தொடங்கும். பிறகு ஓர் அடிக்கோடு, ரீஜனின் பெயர், இன்னோர் அடிக்கோடு, ஓர் எண். பேக்கப் பாலிசி (எப்போது எடுப்பது, எவ்வளவு நாள் வைப்பது என்ற விதி) எழுதியவர் வேறு பெயர் கொடுத்திருந்தால் அந்தப் பெயரில் இருக்கும். உள்ளே இருக்கும் கலெக்‌ஷனின் பெயரில் ‘அஷூர்பேக்கப்’, அடுத்து விஎம்மின் பெயர், அடுத்து நீளமான ஓர் எண்.

அஷூரின் சவுத் இந்தியா ரீஜன் என்பது சென்னைதான். புனே, மும்பையோடு சேர்ந்து 2015இல் திறந்தார்கள். அதற்கு ஜோடி ரீஜன் புனேயில் இருக்கும் சென்ட்ரல் இந்தியா. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் என்பதால், பேக்கப் பேச்சை எடுத்தாலே மேலிடம் கேட்கும் முதல் கேள்வி, “புனேல காப்பி இருக்குல்ல?” இருக்கிறது, வால்ட் ஜியோ ரிடண்டன்ட்டாக (ஜோடி ரீஜனிலும் நகல் வைப்பதாக) இருந்தால், வால்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த டேட்டாவுக்கு. ரெஸ்டோர் பாயின்ட் கலெக்‌ஷனில் இருப்பது சென்னையை விட்டு நகராது. அதனால்தான் கலெக்‌ஷனை அழிப்பது பெரும்பாலும் ஆபத்தில்லாத வேலை. அழியப்போவது சட்டென்று மீட்க உதவும் உள்ளூர் நகல். வால்ட்டில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது.

“பெரும்பாலும்” என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வால்ட்டில் அந்த விஎம்மின் பேக்கப் ஐட்டத்தைத் திறந்து ரெஸ்டோர் பாயின்ட் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்று இருக்கும்: ஸ்னாப்ஷாட் மட்டும், ஸ்னாப்ஷாட்டும் வால்ட்டும், வால்ட் மட்டும். ‘ஸ்னாப்ஷாட் மட்டும்’ என்று இருப்பவை இன்னும் வால்ட்டுக்குப் போகாதவை. கலெக்‌ஷனை அழித்தால் அவை அதோடு போய்விடும். என்ஹான்ஸ்டு பாலிசியில் ஒரு நாளைக்குப் பலமுறை பேக்கப் எடுப்பவர்கள் இங்கே இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பலவற்றில் நாளுக்கு ஒன்றுதான் வால்ட்டுக்குப் போகும்; மீதி எல்லாம் ஸ்னாப்ஷாட்டாகவே இருந்து முடிபவை.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் சரி, டெலீட்டை நோக்கிக் கை போகும் முன் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மிகச் சமீபத்திய நல்ல பேக்கப் வால்ட்டில் இருக்கிறதா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

## அறிகுறி: நேற்றுவரை ஓடிய பேக்கப், ரெஸ்டோர் பாயின்ட் வரம்பு முடிந்துவிட்டது என்று நிற்கிறது

எழும்பும் டிக்கெட்டுகளில் அதிகம் இதுதான். பிழைச் செய்தி, ரெஸ்டோர் பாயின்ட் கலெக்‌ஷன் அதன் உச்சவரம்பைத் தொட்டுவிட்டது என்று சொல்லும். ஒரு விஎம்முக்கு ஒரே நேரத்தில் 18 இன்ஸ்டன்ட் ரெஸ்டோர் பாயின்ட்டுகள் (ஸ்னாப்ஷாட்டாக இருப்பவை) வரைதான் இருக்கலாம். ஸ்டாண்டர்ட் பாலிசியில் ஸ்னாப்ஷாட்டை 1 முதல் 5 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். யாரும் மாற்றாவிட்டால் 2 நாள். நாளுக்கு ஒரு பேக்கப், 2 நாள் ஆயுள் என்றால் 18ஐத் தொடவே வழியில்லை. தொட்டிருக்கிறது என்றால், பழையதை அள்ள வரும் வேலை நின்றுபோயிருக்கிறது.

நிறுத்தியது கிட்டத்தட்ட எப்போதும் லாக், அதாவது அழிக்கவிடாத பூட்டு. யாரோ பாதுகாப்புக்காக ரிசோர்ஸ் குரூப்புக்கோ சப்ஸ்கிரிப்ஷன் முழுவதற்குமோ டெலீட் லாக் போட்டிருப்பார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் பேக்கப் சேவையும் அந்த லாக்குக்குக் கட்டுப்பட்டது. புதியதை உண்டாக்க முடியும், பழையதை அழிக்க முடியாது. மாநகராட்சி குப்பை வண்டி வரும் சந்தில் குறுக்கே பைக்கை நிறுத்திவிட்டு, குப்பை ஏன் சேர்கிறது என்று கேட்பது போலத்தான்.

இதில் ஆளைக் குழப்புவது கால இடைவெளி. லாக் போட்ட அன்று எதுவும் நடக்காது. நாளுக்கு ஒன்று என்று சேர்ந்து, 2 வாரம் தாண்டித்தான் பேக்கப் விழும். அதற்குள் லாக் போட்டவர் அதை மறந்திருப்பார். ஓஎம்ஆரில் எந்த ஆபரேஷன்ஸ் டீமிடம் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்:

“அண்ணா, நான் எதையும் மாத்தலைண்ணா. நேத்து வரைக்கும் பச்சையாதான் இருந்துச்சு.”

“நீ மாத்தலைம்மா. போன மாசம் யார் என்ன மாத்தினாங்கன்னு ஆக்டிவிட்டி லாக்ல பாரு.”

அந்த அண்ணன் சொன்னதுதான் சரியான முதல் அடி. ஆக்டிவிட்டி லாக் (இது பூட்டு அல்ல, யார் என்ன செய்தார்கள் என்ற பதிவேடு) 90 நாள் வரை இருக்கும். சப்ஸ்கிரிப்ஷன் அளவில் திறந்து, கால அளவை ஒரு மாதமாக்கி, பூட்டு போட்ட செயலைத் தேடுங்கள். யார், எந்த நாள், எந்த இடத்தில் என்று மூன்றும் கிடைக்கும். பேசிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, பேக்கப் சேவையின் ரிசோர்ஸ் குரூப்பைத் திறந்து, பூட்டுகளைக் காட்டும் லாக்ஸ் பக்கத்தைப் பாருங்கள். அங்கே காலியாக இருந்தால் திரும்பிவிடாதீர்கள். அதே பக்கத்தின் மேலே சப்ஸ்கிரிப்ஷன் அளவு லாக்கைக் காட்டும் இணைப்பு இருக்கும். மேலே போட்ட லாக் கீழே இருக்கும் எல்லாவற்றுக்கும் இறங்கும். இந்த இடத்தில்தான் பலர் “லாக்கே இல்லை” என்று எழுதி டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

லாக்கை எடுக்க கான்ட்ரிபியூட்டர் உரிமை போதாது. ஓனர் அல்லது யூசர் ஆக்ஸஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டும். உங்களிடம் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள், அல்லது அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள்.

லாக் போனதும் கையால் அழிக்க ஆரம்பிக்காதீர்கள். வால்ட்டில் பேக்கப் ஐட்டத்துக்குப் போய் ‘பேக்கப் நவ்’ கொடுங்கள். அந்த முதல் பேக்கப் அநேகமாகத் தோற்கும். பயப்பட வேண்டாம், அது எதிர்பார்த்ததே. பேக்கப் சேவைக்கு “பழையதை அள்ளு” என்று நினைவூட்டத்தான் அதைக் கொடுக்கிறோம். சில மணி நேரத்தில் தானாகவே சுத்தமாகும். அன்றிரவு பாலிசிப்படி ஓடும் பேக்கப் வெற்றியாக வேண்டும். அதுவும் விழுந்தால் அப்போது கலெக்‌ஷனைக் கையால் அழிக்கலாம்.

சுத்தமானபின் லாக்கைத் திரும்பப் போடச் சொல்லி ஆடிட் தரப்பிலிருந்து நெருக்குவார்கள். விஎம்களின் ரிசோர்ஸ் குரூப்பில் போடுங்கள். பேக்கப் சேவையின் குரூப்பை விட்டுவிடுங்கள். சப்ஸ்கிரிப்ஷன் அளவில் போட்டே ஆக வேண்டும் என்றால் அடுத்த மாதமும் இதே டிக்கெட் வரும் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பேக்கப் டேட்டாவைக் காப்பதுதான் கவலை என்றால் அதற்கான பூட்டுகள் வால்ட்டிலேயே இருக்கின்றன: சாஃப்ட் டெலீட் (அழித்ததைச் சில நாள் மீட்கவிடுவது), இம்யூட்டபிள் வால்ட் (காலம் முடியும் முன் அழிக்கவிடாதது), இரண்டு பேர் ஒப்புதல் இருந்தால்தான் அழிக்கவிடும் ரிசோர்ஸ் கார்டு.

லாக் எங்குமே இல்லை என்றால், ஒரே நாளில் யாராவது ‘பேக்கப் நவ்’வைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். பேட்ச் போடும் வாரயிறுதிகளில் ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு பேக்கப் எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த ஸ்னாப்ஷாட்டுகளும் பாலிசியில் சொன்ன நாள் முடியும்வரை இருக்கும், எண்ணிக்கையிலும் சேரும்.

## அறிகுறி: விஎம்மை வேறு ரிசோர்ஸ் குரூப்புக்கு நகர்த்த முடியவில்லை

ப்ராஜெக்ட் கைமாறும்போதும், கம்பெனி இரண்டாகப் பிரியும்போதும் இது வரும். நகர்த்தக் கொடுத்தால் சரிபார்ப்பிலேயே நின்று, ரெஸ்டோர் பாயின்ட் கலெக்‌ஷனின் பெயரைச் சொல்லிப் புலம்பும். விஎம்மோடு அது கட்டப்பட்டிருக்கிறது, அது இருக்கும்வரை விஎம் நகராது.

இங்கே கையால் அழிப்பதுதான் முறையான வழி. ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் வால்ட்டில் அந்த விஎம்மின் பேக்கப்பை நிறுத்துங்கள். நிறுத்தும்போது இரண்டு வழி கேட்கும்: டேட்டாவை வைத்துக்கொள்வதா, அழிப்பதா. வைத்துக்கொள்வதைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு திரையில் மட்டும் அவசரம் கூடாது. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்துங்கள் என்றுதான் என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருபவர்களுக்குச் சொல்வேன்.

பேக்கப்பை நிறுத்தாமல் கலெக்‌ஷனை மட்டும் அழித்தால், அடுத்த பேக்கப் ஓடும்போது புதிய கலெக்‌ஷன் உண்டாகிவிடும். பகலில் அழித்துவிட்டு நள்ளிரவு மாற்ற நேரத்தில் நகர்த்தப் போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். இடையில் இரவு பேக்கப் ஓடியிருக்கும்.

நிறுத்தியபின் பேக்கப் ஜாப் எதுவும் பாதியில் ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டு, பேக்கப் சேவையின் ரிசோர்ஸ் குரூப்புக்குப் போங்கள். பட்டியல் காலியாகத் தெரிந்தால் மேலே ‘ஷோ ஹிட்டன் டைப்ஸ்’ என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். உங்கள் விஎம் பெயர் உள்ள கலெக்‌ஷனைக் கண்டுபிடியுங்கள்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கலெக்‌ஷன் பெயரில் விஎம்மின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, அது எந்த ரிசோர்ஸ் குரூப்பைச் சேர்ந்த விஎம் என்பது இல்லை. டெவ் (உருவாக்கிப் பார்க்கும்) சூழலிலும் ப்ராட் (நிஜப் பயன்பாட்டுச்) சூழலிலும் ஒரே பெயரில் விஎம் வைத்திருக்கும் இடங்கள் எத்தனை என்று சொல்லத் தேவையில்லை. அப்படி இருந்தால் ஒரே குரூப்பில், கடைசி எண் மட்டும் மாறுபட்ட இரண்டு கலெக்‌ஷன்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எது யாருடையது? கலெக்‌ஷனைத் திறந்து, வலது மேல் மூலையில் ஜேசன் வியூவை அழுத்துங்கள். உள்ளே ‘சோர்ஸ்’ என்ற பகுதியில் விஎம்மின் முழு ஐடி இருக்கும்: சப்ஸ்கிரிப்ஷன், ரிசோர்ஸ் குரூப், விஎம் பெயர் என்று சங்கிலியாக. நீங்கள் நகர்த்தப்போகும் விஎம்மின் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் இருக்கும் ஐடியோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் அழியுங்கள்.

கலெக்‌ஷன் முழுவதும் மறைந்ததும் நகர்த்துங்கள். பழைய ரிசோர்ஸ் ஐடி மாறிவிடுவதால், நகர்ந்த விஎம் பேக்கப் சேவையின் கண்ணுக்குப் புதிய விஎம். புதிய இடத்தில் பேக்கப்பை மறுபடியும் போட வேண்டும். இதை மறந்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டால், காலையில் பாதுகாப்பே இல்லாத ஒரு ப்ராட் விஎம் இருக்கும். எச்சரிக்கை அனுப்பவும் யாரும் இல்லை, ஏனென்றால் பேக்கப் தோற்கவில்லை, ஓடவே இல்லை. மாற்றத் திட்டத்தில் ‘பேக்கப் மீண்டும் போட்டாயிற்று’ என்பதைத் தனி வரியாக வையுங்கள்.

பழைய ஐட்டம் வால்ட்டில் அப்படியே இருக்கும். ‘வைத்துக்கொள்’ என்று சொல்லி நிறுத்தியதால் அதன் ரெகவரி பாயின்ட்டுகள் தாமாகக் காலாவதி ஆகாது. எவ்வளவு நாள் வேண்டும் என்று பிசினஸ் ஆட்களிடம் கேட்டு, அந்தத் தேதியில் கையால் அழிக்க ஒரு நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அறிகுறியில் வந்து நிற்பீர்கள்.

## அறிகுறி: விஎம்மை எப்போதோ அழித்தாயிற்று, பில் மட்டும் வருகிறது

மாதக் கடைசியில் ஃபைனான்ஸ் மேடம் ஒரு எக்ஸெல்லோடு வருவார். “இந்த சர்வரை ஜூன்லயே எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே, இன்னும் ஏன் சார் சார்ஜ் ஆகுது?” நியாயமான கேள்வி.

விஎம்மையும் அதன் ரிசோர்ஸ் குரூப்பையும் சேர்த்து அழித்திருப்பார்கள். கலெக்‌ஷன் இன்னொரு குரூப்பில் இருப்பதால் அது தப்பித்துவிடும். விஎம் போனாலும் ரெஸ்டோர் பாயின்ட் போகாது. பேக்கப்பை நிறுத்தாமல் விஎம்மை அழித்தவர்களுக்கு வால்ட்டிலும் ஓர் ஐட்டம் தினமும் விஎம்மைத் தேடித் தோற்றுக்கொண்டிருக்கும்.

சரி, பார்க்கும் வரிசை. செலவு விவரம் காட்டும் காஸ்ட் அனாலிசிஸில் ரிசோர்ஸ் வாரியாகப் பிரித்து, எந்த வகை பணம் தின்கிறது என்று முதலில் பாருங்கள். என் அனுபவத்தில் பழி ரெஸ்டோர் பாயின்ட் மீது விழுந்தாலும் பாதி நேரம் குற்றவாளி வேறு: எங்கும் மாட்டப்படாத டிஸ்க்குகள். ஆடிட்டுக்காக ஒரு விஎம்மை மீட்டுக் காட்டியிருப்பார்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் விஎம்மை அழித்திருப்பார்கள், டிஸ்க்கை விட்டிருப்பார்கள். அப்படிக் கிடக்கும் 1 டிபி பிரீமியம் டிஸ்க்குக்கு முழு விலை. அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்னாப்ஷாட்டை அழித்துப் பயனில்லை.

கலெக்‌ஷன்தான் காரணம் என்று உறுதியானால், அதன் கணக்கைப் புரிந்துகொண்டு அழியுங்கள். ஒரு கலெக்‌ஷனில் முதல் ரெஸ்டோர் பாயின்ட் முழு நகல். அடுத்தடுத்தவை மாறிய பகுதி மட்டும். நடுவில் இருக்கும் ஒன்றிரண்டை எடுத்தால் மற்றவை கெடாது, ஆனால் பில்லும் பெரிதாகக் குறையாது. மூல விஎம்மே இல்லாத கலெக்‌ஷன் என்றால் முழுசாக அழிப்பதுதான் கணக்கு.

பல சப்ஸ்கிரிப்ஷன் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு குரூப்பாகத் திறந்து பார்க்க வேண்டாம். எல்லா சப்ஸ்கிரிப்ஷனிலும் ஒரே கேள்வியில் தேடும் ரிசோர்ஸ் கிராஃபில் ரெஸ்டோர் பாயின்ட் கலெக்‌ஷன் வகையை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றின் சோர்ஸ் ஐடியையும் இப்போது உயிரோடு இருக்கும் விஎம் பட்டியலோடு ஒப்பிட்டால், சொந்தக்காரர் இல்லாதவை தனியாக வந்துவிடும். கட்டளை வரிக் கருவிகளான அஷூர் சிஎல்ஐயிலும் பவர்ஷெல்லிலும் கலெக்‌ஷனைப் பட்டியலிடவும் அழிக்கவும் தனிக் கட்டளைகள் உள்ளன, மொத்தமாக அழிக்க ஸ்க்ரிப்ட் எழுதலாம். எழுதினால், அழிக்கும் வரியை முதல் ஓட்டத்தில் நிறுத்திவைத்து, பெயர்களை மட்டும் ஒரு கோப்பில் கொட்டி, விஎம் சொந்தக்காரர்களுக்கு அனுப்புங்கள். ‘அஷூர்பேக்கப்ஆர்ஜி என்று தொடங்குவதையெல்லாம் அழி’ என்ற ஸ்க்ரிப்ட்டை யார் எழுதினாலும், எவ்வளவு சீனியராக இருந்தாலும், ஓடவிடாதீர்கள்.

வால்ட்டில் தோற்றுக்கொண்டிருக்கும் ஐட்டத்தையும் நிறுத்த மறக்காதீர்கள். அங்கே டேட்டா வேண்டாம் என்று முடிவானால் ‘டெலீட்’ வழி.

கடைசியாக, எந்தப் பாலிசியோடும் சேராத கலெக்‌ஷன்களும் அகப்படும். விஎம் பக்கத்திலிருந்து யாரோ கையால் ரெஸ்டோர் பாயின்ட் எடுத்திருப்பார்கள், அப்கிரேடுக்கு முந்தைய நாள் இரவு. பெயரும் இஷ்டத்துக்கு இருக்கும். இவற்றுக்குக் காலாவதி என்பதே கிடையாது. உண்டாக்கியவர்தான் அழிக்க வேண்டும். வேறு கம்பெனிகளின் பேக்கப் மென்பொருளும் இதே வசதியைப் பயன்படுத்துகின்றன, ஆகவே பெயர் தெரியாததை அழிக்கும் முன் அந்தச் சர்வருக்கு வேறு பேக்கப் ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

## அறிகுறி: டெலீட் கொடுத்தாலும் போக மறுக்கிறது

பிழைச் செய்தியில் லாக் என்ற சொல் இருந்தால் மேலே சொன்னதுதான். உரிமை இல்லை என்று வந்தால், விஎம்மின் குரூப்பில் உங்களுக்கு இருக்கும் கான்ட்ரிபியூட்டர் உரிமை பேக்கப் சேவையின் குரூப்புக்குச் செல்லாது. இரண்டும் வேறு வேறு குரூப். அங்கேயும் உரிமை வேண்டும். பாலிசி தடுத்தது என்று வந்தால், அஷூர் பாலிசியில் (இது பேக்கப் பாலிசி அல்ல, கணக்கில் எதைச் செய்யலாம் என்ற நிர்வாக விதி) டெலீட்டை மறுக்கும் விதி ஒன்று எழுதப்பட்டிருக்கிறது; லாக்கைப் பார்த்துவிட்டு “இல்லையே” என்று தலையைச் சொறிபவர்கள் பார்க்க மறக்கும் இடம் அது.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது: பயன்பாட்டில் இருக்கிறது என்ற செய்தி. வால்ட்டுக்கு டேட்டா போய்க்கொண்டிருக்கும்போதோ, யாராவது அதிலிருந்து மீட்டுக்கொண்டிருக்கும்போதோ, அந்த டிஸ்க் ரெஸ்டோர் பாயின்ட்டைப் படிக்க ஒரு தற்காலிக அனுமதிச் சாவி, அதாவது சாஸ், திறந்திருக்கும். அது மூடும்வரை அழியாது. வால்ட்டின் ஜாப் பட்டியலில் ஓடிக்கொண்டிருப்பது முடியட்டும். ஜாப் எதுவும் இல்லை, ஆனாலும் அதே செய்தி என்றால், யாரோ டேட்டாவை நகலெடுக்கத் திறந்துவிட்டு மூடாமல் போயிருக்கிறார்கள். டிஸ்க் ரெஸ்டோர் பாயின்ட்டின் அந்த அனுமதியை ரத்து செய்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

## அறிகுறி: அழித்தேன், மறுநாள் திரும்ப வந்துவிட்டது

பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் வந்தது. இது பிழை இல்லை.

## அறிகுறி: பாலிசியில் சொன்னதைவிட ஒன்று அதிகமாக இருக்கிறது

இதுவும் பிழை இல்லை. 1 நாள் என்று வைத்திருந்தாலும் 2 தெரியலாம். கடைசியாக எடுத்த ரெஸ்டோர் பாயின்ட்டை, அடுத்த பேக்கப் வெற்றியாகும்வரை சேவை கைவிடாது. விஎம்மில் கோளாறு வந்து அடுத்தடுத்து பேக்கப் விழுந்தாலும் ஒன்றாவது கையில் இருக்கட்டும் என்ற ஏற்பாடு. காலாவதியானதை அள்ளவும் வழக்கமாக 24 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இதை வைத்தே ஒரு விஷயத்தைப் பிடிக்கலாம். 2 நாள் பாலிசி உள்ள விஎம்மின் கலெக்‌ஷனில் ஒரே ஒரு ரெஸ்டோர் பாயின்ட், அதுவும் 3 வாரம் பழையது என்றால், 3 வாரமாக அந்த விஎம்முக்கு பேக்கப்பே வெற்றியாகவில்லை. சட்டென்று மீட்க மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். குப்பை என்று நினைத்து அதை அழிக்கப் போகிறவரைத் தடுத்து நிறுத்துங்கள். முதலில் பேக்கப் ஏன் விழுகிறது என்று பாருங்கள்: விஎம்முக்குள் இருக்கும் ஏஜென்ட் உறங்குகிறதா, விண்டோஸ் என்றால் அதன் ஸ்னாப்ஷாட் சேவையான விஎஸ்எஸ் மக்கர் செய்கிறதா. அது சரியாகி ஒரு பேக்கப் வெற்றியானதும் பழையது தானே போய்விடும்.

## அறிகுறி: வால்ட்டை அழிக்க முடியவில்லை

ப்ராஜெக்ட்டை மொத்தமாக மூடும்போது கடைசியாக இடறும் கல் இது. கலெக்‌ஷன்கள் எல்லாம் போய்விட்டன, பேக்கப் ஐட்டங்களையும் டேட்டாவோடு அழித்தாயிற்று, ஆனாலும் வால்ட் உள்ளே பொருள் இருக்கிறது என்கிறது. சாஃப்ட் டெலீட்தான் காரணம். அழித்த பேக்கப் ஐட்டம் இன்னும் 14 நாள் மீட்கக்கூடிய நிலையில் இருக்கும்; அந்த 14 நாளுக்குக் கட்டணம் இல்லை. யாராவது அந்தக் காலத்தை நீட்டி வைத்திருந்தால் 180 நாள் வரைகூடப் போகலாம், 14க்கு மேற்பட்ட நாட்களுக்குப் பணம் உண்டு. வால்ட்டின் ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால் எத்தனை நாள் என்று தெரியும்.

இதைச் சுற்றிப் போக வழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சாஃப்ட் டெலீட் இருப்பதே, உங்கள் கணக்கு யார் கையிலாவது சிக்கினால் பேக்கப்பைச் சேர்த்து அழித்துவிடக் கூடாது என்பதற்காக. மூடும் தேதியைத் திட்டமிடும்போதே, பேக்கப்பை அழிக்கும் நாளை சப்ஸ்கிரிப்ஷனை மூடும் நாளுக்கு 3 வாரம் முன்னால் வையுங்கள்; காலத்தை நீட்டி வைத்திருந்தால் அதற்கேற்ப இன்னும் முன்னால். வாடிக்கையாளருக்கு அனுப்பும் மூடல் அட்டவணையில் ‘வால்ட் நீக்கம்’ என்று ஒரு வரியும் அதற்கு எதிரே அந்தத் தேதியும் இருந்தால், கடைசி வாரத்தில் தாரமணியிலிருந்து அமெரிக்காவுக்கு நள்ளிரவு கால் போட்டு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.